வெயிலின் மேல் பந்தயம்: ஒரு பாடம்



சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வந்து நாம் கடையைச் சாத்தும் வேளையில், நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் முகம் வாடி வந்து நின்றார். "மாமா, நியூயார்க்கில் ஒரு டிகிரி வெயில் ஏறாமல் போனதால் என் 600 வெள்ளி போயிற்று" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினோம். அப்படியன்று. அடுத்த பருவத்துப் படிப்புக் கட்டணத்துக்கென்று பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணம் அது. வாரக் கணக்கில் சிறுகச் சிறுக வைத்து, மிச்சம் இருந்ததையும் ஒரே நாளில் வைத்து இழந்திருக்கிறார்.

நாம் கடிந்து பேசத் தொடங்கியதும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "நீங்களும் வெயில் அடிக்கும் என்று நம்பித்தானே ஐஸும் குளிர்பானமும் வாங்கி அடுக்குகிறீர்கள்? மழை வரும் என்று நம்பித்தானே குடை வாங்குகிறீர்கள்? அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?" அன்றிரவு நம்மால் தக்க பதில் சொல்ல முடியவில்லை. நமது படிப்பு மத்ரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றது. எனினும் விசாரித்தும் வாசித்தும் நாம் அறிந்துகொண்டதை அவர் சம்மதத்துடன் இங்கே பாடமாக எழுதுகிறோம். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இருப்பது என்னவென்று பெற்றோர்களும் அறிந்திருப்பது நல்லதல்லவா?

1. பந்தயம் நடக்கும் விதம்

அமெரிக்காவில் கல்ஷி என்றொரு சந்தை உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கு, அந்நாட்டில் முன்பேர வியாபாரத்தை மேற்பார்க்கும் சர்க்கார் ஆணையம் 2020 நவம்பரில் அனுமதி அளித்தது. அரபியில் 'எல்லாப் பொருளும்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 'குல்லு ஷைஇன்' என்று ஓதியவர்களுக்கு அது உடனே விளங்கும். பெயருக்கேற்பத் தேர்தல், வட்டி விகிதம், விளையாட்டு, மழை, வெயில் என எல்லாவற்றின் மேலும் அங்கே பணம் வைக்கலாம். 2020-இல் தோன்றிய பாலிமார்க்கெட் என்பது இன்னொரு சந்தை. அங்கே டாலருக்கு ஈடான மின்நாணயத்தில் கணக்கு நடக்கிறது.

வெயில் பந்தயம் இவ்விதம்: 'நாளை நியூயார்க்கில் மிக உயர்ந்த உஷ்ணம் எவ்வளவு?' என்பது கேள்வி. அதற்கு விடைகளை ஆறு கட்டங்களாகப் பிரிப்பர். உதாரணமாக, 83 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழ். 84 முதல் 85. 86 முதல் 87. 88 முதல் 89. 90 முதல் 91. 92 அல்லது அதற்கு மேல். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ஆம்' சீட்டும் 'இல்லை' சீட்டும் உண்டு. நம் கட்டம் சரியானால் ஒரு சீட்டுக்கு ஒரு டாலர் கிடைக்கும். தவறினால் ஒன்றும் இல்லை. சீட்டின் விலை ஒரு காசு முதல் 99 காசு வரை நாள் முழுதும் ஏறி இறங்கும். 40 காசு விலை என்றால், அது நடக்க நூற்றுக்கு நாற்பது பங்கு வாய்ப்பு உண்டு என்று சந்தையில் உள்ளோர் மதிக்கிறார்கள் என்பது பொருள்.

2. கடைக்காரன் கணக்கு

ஒருவர் 40 காசு கொடுத்து 'ஆம்' வாங்கினால், எதிரே இன்னொருவர் 60 காசு கொடுத்து 'இல்லை' வாங்குகிறார். இரண்டும் சேர்ந்தால் ஒரு டாலர். வென்றவர் அதை முழுதும் எடுத்துக்கொள்கிறார். புதிதாக ஒரு காசும் அங்கே விளையவில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போயிற்று, அவ்வளவே. இடையில் சந்தைக்காரர் எடுக்கும் கட்டணமும் உண்டு. கணக்குக்காக அது ஒரு சீட்டுக்கு ஒன்றரைக் காசு என்று வைப்போம். 50 காசு வீதம் நூறு சீட்டு வாங்கி, சரிபாதியில் வென்றால் போட்ட 50 டாலரும் திரும்பும். ஆனால் ஒன்றரை டாலர் நஷ்டம். பாதி சரியாகச் சொன்னவனுக்கே இந்த நிலை.

அப்படியானால் லாபம் யாருக்கு? எதிரே இருப்பவரைவிட நன்றாகவும் முந்தியும் அறிந்தவருக்கு. அந்த எதிராளி யார் என்பதைத்தான் நம் வாலிபர் யோசிக்கவில்லை. வானிலைக் கணிப்புகளைக் கணிப்பொறியில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கொரு முறை வரும் அளவை வந்த கணமே படித்து, விலையை மாற்றிவிடும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். இவர் கைப்பேசியைத் திறந்து பார்ப்பதற்குள் அந்தச் செய்தி விலையில் ஏறிவிடுகிறது. மேலும் கோடைகாலத்தில் நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே வெயில் உச்சம் ஏறும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி, இங்கே பின்னிரவு இரண்டு முதல் நான்கு மணி. அந்நேரம் வரை விழித்திருந்து, சுபுஹுத் தொழுகையையும் தவறவிட்டு, பாடத்தில் தூங்கி வழிந்ததாக அவரே சொன்னார். இந்த நஷ்டம் 600 வெள்ளிக் கணக்கில் சேரவில்லை.

3. ஒரே ஓர் உஷ்ணமானி

'நியூயார்க்கின் உஷ்ணம்' என்றால் அந்நகரத்து மக்கள் எல்லோரும் உணரும் வெயில் என்று நினைக்கக் கூடாது. கல்ஷியில் அதற்குப் பொருள், சென்ட்ரல் பார்க் பூங்காவில் உள்ள ஒரு கருவி காட்டும் அளவு. அப்பூங்காவில் 1869 முதல் வானிலை அளந்து வருகிறார்கள். 1920 முதல் பெல்வடியர் கோட்டை என்னும் கட்டடத்தருகே அளக்கிறார்கள். 1936 ஜூலை 9-ஆம் நாள் 106 டிகிரி அங்கே பதிவாயிற்று. கருவியைச் சுற்றி மரங்கள் வளர்ந்திருப்பதால் கோடையில் அந்த இடம் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பாலிமார்க்கெட்டிலோ அதே நகரத்துக்கு லகார்டியா விமான நிலையத்தின் அளவைக் கொண்டு முடிவு செய்திருக்கிறார்கள். ஆக, ஒரே நகரம், ஒரே நாள், இரண்டு சந்தை, இரண்டு விடை.

இன்னும் கவனியுங்கள். கல்ஷியில் முடிவைச் சொல்வது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை வெளியிடும் தினசரி அறிக்கை. அதில் உஷ்ணம் முழு எண்ணாகவே வரும். ஆனால் பகலில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை வரும் அளவுகள் முழு செல்சியஸ் எண்ணில் வருகின்றன. 31 என்று வந்தால், அது பாரன்ஹீட்டில் 87-ஆகவும் இருக்கலாம், 88-ஆகவும் இருக்கலாம். மேலே சொன்ன கட்டங்களில் 87 ஒரு கட்டம், 88 வேறு கட்டம்! நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். வானிலை அறிக்கையோ பழைய நேரப்படியே நாளைக் கணக்கிடும். ஆகவே இரவு பன்னிரண்டோடு நாள் முடிந்தது என்று எண்ணுபவர் ஏமாறுவார். அது முடிவது ஒரு மணிக்கு.

4. அறிவு எதுவரை?

வானிலை அறிவு குற்றமன்று. அது பெரும் நன்மை. மீனவருக்கும் விமானிக்கும் உழவருக்கும் அதனால் உயிரும் பொருளும் தப்புகின்றன. ஆனால் அந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. நாளைய உயர்ந்த உஷ்ணத்தைத் தேர்ந்த நிபுணர்கள் கணித்தாலும் பொதுவாக 2 முதல் 3 டிகிரி பாரன்ஹீட் வரை தவறக்கூடும். பந்தயக் கட்டத்தின் அகலமோ 2 டிகிரி! இதுதான் பாடத்தின் மையம். நிபுணர் அறிந்த பகுதி ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாத மிச்சப் பகுதியின் மேல்தான் நம் வாலிபர் பணம் வைத்தார். மாலைக் கடற்காற்று அரை மணி முந்தி வீசினாலும், ஒரு மேகம் சற்று நேரம் நின்றாலும், முடிவு மாறிவிடும். அதைத் திறமை என்று பெயரிட்டு அழைப்பதால் அது திறமையாகிவிடாது.

5. இது புதிய நோயன்று

கைப்பேசி வந்ததால் வந்த கேடு என்று சிலர் சொல்வார்கள். வானத்தின் மேல் பந்தயம் வைப்பது பழைய வழக்கமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவின் பரா பஜார் வட்டாரத்தில் மழைச் சூது பெரிதாக நடந்தது. குறித்த நேரத்துக்குள், மாடிக்கூரையின் குழாய் வழியே நீர் வழியும் அளவுக்கு மழை பெய்யுமா என்பதே பந்தயம். மேகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அதை வித்தையாகவே கருதினார்கள். 1897-இல் வங்காளத்தில் அதற்குச் சட்டத்தால் தடை விதிக்கப்பட்டது. அன்று கூரைக் குழாய், இன்று சென்ட்ரல் பார்க் கருவி. வேறு என்ன மாற்றம்?

6. வியாபாரமும் பந்தயமும்

இப்போது வாலிபரின் கேள்விக்கு வருவோம். வியாபாரத்திலும் நஷ்ட பயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மழை மாதத்தில் நமது கடையில் ஐஸ் தேங்கிய நாட்கள் பல. எனினும் மூன்று வேற்றுமைகளைக் காண்கிறோம்.

முதலாவது, வியாபாரத்தில் ஒரு பொருள் கை மாறுகிறது. தாகத்தோடு வந்தவர் குளிர்பானம் குடிக்கிறார், நாம் விலை பெறுகிறோம், இருவருக்கும் நன்மை. பந்தயத்தில் சீட்டைத் தவிரப் பொருள் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, நமது லாபம் இன்னொருவரின் நஷ்டமன்று. பந்தயத்தில் எதிராளியின் இழப்பே நமது லாபம். வேறு ஊற்று அதற்கு இல்லை.

மூன்றாவது, இன்று விற்காத குடை நாளை விற்கும். சீட்டோ அன்றிரவே வெறும் காகிதம்.

'வெயில் குளிரை வைத்து நஷ்டத்துக்குக் காப்பு எடுக்கும் நிறுவனங்கள் இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. சிகாகோ பண்டச் சந்தையில் 1999 முதல் அத்தகைய ஒப்பந்தங்கள் நடக்கின்றன. குளிர் குறைந்தால் வியாபாரம் குறையும் எரிவாயு நிறுவனம் அதனால் தன் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நாம் கேட்பது இவ்வளவே: சென்ட்ரல் பார்க்கில் 87 டிகிரி ஏறினால் சிங்கப்பூரில் இருக்கும் மாணவருக்கு என்ன நஷ்டம், காப்பு எடுப்பதற்கு?

7. மார்க்கம் சொல்வது

மாயிதா சூராவின் 90, 91-ஆம் ஆயத்துகளில் மதுவோடு சேர்த்துச் சூது விலக்கப்பட்டதையும், அது பகையை மூட்டித் தொழுகையை மறக்கச் செய்யும் என்று காரணம் கூறப்பட்டதையும் நாம் சிறுவயதில் ஓதியிருக்கிறோம். பின்னிரவு விழிப்பையும் தவறிய சுபுஹையும் நினைத்துப் பாருங்கள்.

சிலர் ரூம் சூராவை எடுத்துக் காட்டுவதுண்டு. பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்ற அறிவிப்பை நம்பி, அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்பாளர்களோடு பந்தயம் வைத்தார்கள் அல்லவா என்பது அவர்கள் வாதம். அச்செய்தி உண்டு. ஆனால் அது பந்தயம் விலக்கப்படுவதற்கு முன் நடந்தது என்பதும் அதே செய்தியோடு வந்திருக்கிறது. பாதியைச் சொல்லிப் பாதியை விடுவது நேர்மையன்று.

8. சட்டம் சொல்வது

சிங்கப்பூரில் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் பாலிமார்க்கெட்டைத் தடுத்தது. 2022-இன் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெறாதவரிடம் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மலேசியாவிலும் 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் உண்டு. நண்பர் காட்டிய குறுக்கு வழியில் நுழைந்தேன் என்பது வழக்கு மன்றத்தில் பதிலாகாது.

முடிவுரை

இவ்வளவையும் அந்த வாலிபரிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, இன்னும் ஒரே ஒரு முறை வைத்துப் போனதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால்?" என்றார். "தம்பி, போன பணம் உன் பணமாக இப்போது அங்கே இல்லை, அது வேறொருவர் பையில் இருக்கிறது. நீ மீட்கப் போவதாக நினைப்பது இன்னொரு தாய் பெற்ற பிள்ளையின் பணத்தை" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நமது கடையில் நிற்கிறார். கட்டணம் கட்ட இன்னும் பல சனிக்கிழமைகள் வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து விடை காண வேண்டிய கேள்விகள்:

1. ஒரு டாலர் சீட்டில் வென்றவரின் பணம் யாரிடமிருந்து வருகிறது?
2. ஒரே நகரத்துக்கு இரண்டு உஷ்ணம் எவ்வாறு ஏற்படுகிறது?
3. கணிப்பில் நேரும் தவறு 2 முதல் 3 டிகிரி, கட்டத்தின் அகலம் 2 டிகிரி என்றால், பணம் எதன் மேல் வைக்கப்படுகிறது?
4. குடை வாங்கி விற்பதற்கும் மழையின் மேல் பந்தயம் வைப்பதற்கும் உள்ள மூன்று வேற்றுமைகள் யாவை?