ஆராதனையில் கீபோர்டு: சத்தம் கெட்டால் எங்கே தேடுவது?



கூட்டம் ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீபோர்டில் சத்தம் வராவிட்டால் என்ன நடக்கிறது? ஒருவர் மிக்ஸரைத் திருகுகிறார், ஒருவர் வயரைப் பிடுங்குகிறார், இன்னொருவர் "கீபோர்டு போச்சு பாஸ்டர்" என்கிறார். ஆறு கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்தால், எதனால் கெட்டது, எதனால் சரியானது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் பார்த்தமட்டும், அநேகமாகக் கீபோர்டு நல்லாத்தான் இருக்கும். பழுது அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும்.

ஆகையால் ஒரே காரியத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: சத்தம் போகிற வழியை வரிசையாகப் பின்தொடருங்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

1. சத்தமே இல்லையா?

மின்சாரம், கீபோர்டு, ஜாக் கேபிள், மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். இதுதான் வழி. முதலில் ஹெட்போனைக் கீபோர்டில் மாட்டிக் கேளுங்கள். கேட்கிறதா? அப்படியானால் கீபோர்டை விட்டுவிட்டு, கேபிளை மாற்றுங்கள். அதிலும் வராவிட்டால் மிக்ஸரில் வேறு சேனலில் செருகுங்கள். ஒவ்வொரு முறை கழற்றுமுன்பும் அந்தச் சேனலின் வால்யூமை இறக்குங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தத்தில் ஸ்பீக்கர் கெடும்.

ஹெட்போனிலும் கேட்காவிட்டால் அடாப்டர், வால்யூம், வால்யூம் பெடல் என்று பாருங்கள். எல்லாம் சரியாயிருந்தும் மௌனமா? 'லோக்கல் கண்ட்ரோல்' ஆஃப் ஆகியிருக்கலாம். அது மிடி இணைப்புக்கான வசதி. அது ஆஃப் ஆனால், கட்டையை அழுத்தினாலும் உள்ளே இருக்கும் ஒலிப்பகுதிக்குச் செய்தி போகாது.

2. சத்தம் சரியில்லையா?

கரகரவென்று உடைந்தால், மிக்ஸரில் கெயின் அதிகம், அல்லது மைக் இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள். லைன் இன்புட்டுக்கு மாற்றுங்கள். கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் வைத்து, மீதியை மிக்ஸரில் சரிசெய்யுங்கள்.

சத்தம் மெலிந்து, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் கேட்டால், ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் இடது வலது இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாயிருக்கிற சத்தம் காணாமற்போகும். பின்னால் 'எல்/மோனோ' என்றிருந்தால், சாதாரண மோனோ கேபிளை அதில் மட்டும் போடுங்கள்.

பெடலை மிதிக்காமலே சுரங்கள் நீண்டுகொண்டிருந்தால், ஸ்விட்ச் போடும்போது பெடல்மேல் கால் இருந்திருக்கும். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பாடகர் சுருதிக்கு ஒட்டவில்லையென்றால் ட்ரான்ஸ்போஸ் பாருங்கள். முந்தின கூட்டத்தில் +2 வைத்துவிட்டுப் போயிருந்தால், சி அழுத்தினால் டி கேட்கும். அதை 0-க்குக் கொண்டுவந்து, ட்யூனிங் 440 ஹெர்ட்ஸ் என்று உறுதிசெய்த பிறகே கிட்டாரைச் சுருதி சேருங்கள்.

3. உயிருக்கு ஆபத்தான காரியம்

'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், பெரும்பாலும் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். கீபோர்டு ஒரு மூலையிலும் மிக்ஸர் மறுமூலையிலும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி இது வரும். மேடைச் சாமான்களுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். ஆறு மீட்டருக்கு மேல் கேபிள் போக வேண்டுமானால் டி.ஐ. பாக்ஸ் வையுங்கள். அதிலுள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைத் தட்டினால் இரைச்சல் நிற்கக்கூடும்.

ஆனால் சிலர் ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் பெரிய பின்னையே கழற்றிவிடுகிறார்கள். "இரைச்சல் நின்னுடுச்சே" என்று சந்தோஷமும் படுகிறார்கள். தம்பி, அதைச் செய்யவே செய்யாதே! உள்ளே ஒரு வயர் நழுவிப் பெட்டியில் பட்டால், கிட்டார் கம்பியில் மின்சாரம் நிற்கும். வாசிக்கிறவன் உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் அவன் உடம்பு வழியாய்ப் போகும். இரைச்சலோடு ஒரு கூட்டம் நடத்தலாம். ஒரு வாலிபனை இழந்து நடத்த முடியாது.

4. எல்லாம் சரி, ஆனால் பாட்டு கேட்கவில்லை

பேஸ் கிட்டார் இருக்கும்போது இடது கையால் கனத்த பேஸ் வாசிக்காதீர்கள். டிரம்ஸ் இருக்கும்போது ரிதம் போடாதீர்கள். இரண்டு தாளம் ஒத்துப்போகாது. ஒவ்வொரு டோனுக்கும் சத்த அளவு வேறு. பியானோவிலிருந்து ஸ்டிரிங்ஸுக்கு மாறும்போது எவ்வளவு ஏறுகிறது என்று ஒத்திகையிலேயே பாருங்கள். தெளிவில்லாத வாத்தியத்தால் பிரயோஜனமில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அறிந்திருக்கிறோமே. கடைசி வரிசைத் தாயாருக்குப் பாட்டின் வார்த்தை புரியவில்லையென்றால், குறைக்க வேண்டியது நம் வாத்தியத்தைத்தான்.

இந்த வாரப் பயிற்சி: ஒத்திகையில் வால்யூமை இறக்கிவிட்டு, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் ஒரு சிக்னல் கேபிளைக் கழற்றட்டும். மின்சார வயரில் கை வைக்க வேண்டாம். மற்றவர் முதலிலிருந்து வரிசையாய்த் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொருவரும் ஒருமுறை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் கையில் இருக்கும்போது, பதற்றமில்லாமல் அந்தக் கை தானாய்ச் சரியான இடத்துக்குப் போகும்.