எல்லைக்கு அடியில் ஓடும் நீர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜெனீவா நகரத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர்ப்படுகை, சுவிட்சர்லாந்தோடு நிற்காமல் பிரான்சுக்குள்ளும் நீள்கிறது. 1960, 70களில் வரம்பில்லாமல் இறைத்ததில் நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் இறங்கிப்போனது. 1978-இல் ஜெனீவா மாநில அரசும் பிரான்சின் ஓத் சவோய் மாவட்ட நிர்வாகமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. பங்காளிகள் பொதுக் கிணற்றில் முறை வைத்து இறைப்பார்களே, அதன் பெரிய வடிவம்தான் இது. நீரைப் பகிரும் நாடுகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஊரைத்தான்.

செய்ய வேண்டியவை

● ஒவ்வொரு கிணற்றுக்கும் மீட்டர் பொருத்துங்கள், தனியார் கிணறு உட்பட. எவ்வளவு இறைக்கிறோம் என்று தெரியாதவர்கள் பங்கு பேசி என்ன பயன்? ஜெனீவா ஒப்பந்தம் இதை எழுத்திலேயே கேட்டது.

● இரு தரப்பும் சேர்ந்த குழுவில் நீர் தெரிந்தவர்களை உட்கார வையுங்கள். ஜெனீவா குழுவில் தரப்புக்கு மூன்று பேர்; அதில் இருவராவது நீர்த்துறை வல்லுநராக இருக்க வேண்டும். அதிகாரிகள் மட்டும் கூடியிருந்தால் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

● எடுத்ததைத் திருப்பி ஊட்டுங்கள். 1980 முதல் ஆர்வ் ஆற்று நீரை வடிகட்டி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். ஆறு கலங்கி வந்தாலோ மாசுபட்டாலோ நீர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த வேலையைச் செய்யும் நிலையம் ஜெனீவாவுடையது; பிரான்ஸ் தரப்பு இறைக்கும் அளவுக்கேற்பச் செலவில் பங்கு தரும். முதல் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 20 லட்சம் கன மீட்டர் வரை அவர்களுக்கு இலவசம்.

● காலவரையறை வையுங்கள். முதல் ஒப்பந்தம் முடிந்ததும், 2008 முதல் இன்னொரு 30 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

செய்யக்கூடாதவை

● ஜெனீவாவைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்காதீர்கள். ஜோர்டானுக்கும் சவூதி அரேபியாவுக்கும் பொதுவான டிசி படுகையில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீர். திருப்பி ஊட்ட அங்கே ஆறும் இல்லை, போதிய மழையும் இல்லை, எடுத்தால் எடுத்ததுதான். 2013 முதல் ஜோர்டான் அதை 300 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் அம்மானுக்குக் கொண்டுபோகிறது. 2015-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், எல்லையின் இருபுறமும் ஒரு பகுதியில் இறைப்பதையே நிறுத்தச் சொன்னார்கள்.

● எல்லையோரத்தில் குப்பைமேடும் கழிவுக்குட்டையும் வேண்டாம். நஞ்சு பாஸ்போர்ட் கேட்டு நிற்காது.

● தலைநகரங்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே நாடுகள் தங்களுக்குப் பொதுவான குவரானி படுகைக்காக 2010-இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தது 2020-இல். எல்லை தாண்டிய நீர்ப்படுகைகளுக்காக ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2008-இல் தந்த 19 விதிகள் இன்னும் வரைவாகவே கிடக்கின்றன. ஆனால் 1978-இல் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும்தான். உங்கள் ஊர் எல்லையில் இருந்தால், எதிர்ப்பக்க நீர்த்துறைப் பொறியாளரிடம் இந்த ஆண்டே நீர்மட்டக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், உங்களுடையதையும் கொடுங்கள்.