தீபாவளிக்கு நாமே சாயம் அடிக்கலாம்: அக்காவின் டிப்ஸ்

தெமியாங்கில் தாமான் வீடோ, லாபு, ரந்தாவ் பக்கம் தோட்டத்து வீடோ, தீபாவளி நெருங்கும்போது எல்லார் கண்ணும் சுவருக்குத்தான் போகும். ஆள் வைத்துச் சாயம் அடிக்கக் கையில் பணம் இல்லையே என்று கலங்காதே தங்கச்சி. மாடியில்லாத வீட்டின் உட்சுவர்களை இரண்டு பேர் சேர்ந்தால் நாமே அழகாக அடித்துவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வை. சாயம் நிற்குமா உரியுமா என்பது டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். வேலையில் பாதிக்கு மேல் சுவரைத் தயார் செய்வதுதான்.

நாள் பார்த்துத் தொடங்கு

தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். நம் பக்கம் அப்போது மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். அதனால் வெளிச்சுவரை ஜூன், ஜூலையில், மழை குறைந்திருக்கும்போதே முடித்துவிடு. உட்சுவரைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால் எடுத்துக்கொள். வெளியே அடிக்கும் நாளில் காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் நிறுத்து. கொதிக்கும் வெயில் நேராக விழும் சுவரிலும் அடிக்காதே. சாயம் மேலே சட்டென்று காய்ந்து, உள்ளே பிடிக்காமல் போகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சாயம் உப்பி உரிகிறதா? வெள்ளையாக உப்பு பூக்கிறதா? அங்கே சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார். தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. கூரை ஒழுகல், குழாய்க் கசிவு, வெளிக்கால்வாய் அடைப்பு எதுவானாலும் முதலில் அதைச் சரிசெய். ஈரச் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த சாயமும் நிற்காது. புதிதாகச் சிமெண்டு பூசிய இடத்தைக் குறைந்தது 28 நாள் காயவிடு.

பழைய சுண்ணாம்புச் சுவர்

பழைய லயத்து வீடுகளுக்கு ஒரு காலத்தில் சுண்ணாம்புதான் அடித்தார்கள். அந்தச் சுவரில் நேராக இக்கால எமல்ஷன் சாயத்தை அடித்தால் சில மாதத்தில் செதில் செதிலாகக் கழன்றுவரும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால், தண்ணீர் தெளித்து ஸ்கிரேப்பரால் சுரண்டு. முரட்டு பிரஷால் தேய்த்துக் கழுவு. நன்றாகக் காய்ந்ததும் தூள் சுவருக்கென்று விற்கும் சீலர் ஒரு கோட் அடி. கடைக்காரரிடம் "சுண்ணாம்புச் சுவர்" என்று சொல்லியே கேட்டு வாங்கு. புதுச் சிமெண்டுக்கும் சீலர் வேண்டும். சிமெண்டின் காரம் சாயத்தின் நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிடும்.

பூஞ்சை, தாளிப்பு எண்ணெய், விளக்குப் புகை

குளியலறை, பின்கட்டுச் சுவரில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சை. மேலே சாயம் பூசினால் மறுபடியும் முளைக்கும். ஒரு பங்கு பிளீச்சில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவு. கையுறை போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை. பிளீச்சோடு கழிவறை கழுவும் திராவகத்தையோ அமோனியா உள்ள பொருளையோ கலக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

அடுப்பங்கரைச் சுவரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது. சாமி மேடைக்கு மேலே படிந்த விளக்குப் புகையும் அப்படித்தான். தண்ணீர்ச் சாயத்தை எத்தனை கோட் அடித்தாலும் பழுப்பாக ஊறி வெளியே வரும். கழுவிக் காய்ந்ததும், கறையை மறைக்கும் எண்ணெய் வகை சீலரை அந்த இடத்தில் மட்டும் அடித்துவிடு. இந்த இரண்டு இடத்துக்கும் துடைத்துக் கழுவக்கூடிய, சற்றுப் பளபளப்பான சாயமே நல்லது.

எத்தனை லிட்டர்?

ஒரு லிட்டர் எமல்ஷன் வழவழப்பான சுவரில் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 400. இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் மூன்றும் போதும். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். எல்லா டின்னையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள். இல்லாவிட்டால் ஒரே நம்பர் நிறத்திலும் டின்னுக்கு டின் சாயல் மாறும்.

அடிக்கும் முறை

- முதலில் சீலிங், அடுத்து சுவர், கடைசியில் கதவு, ஜன்னல்.
- முடி அளவு வெடிப்பை ஸ்கிரேப்பர் முனையால் கொஞ்சம் அகலமாக்கி, ஃபில்லர் வைத்து அடை. காய்ந்ததும் சாண்ட்பேப்பர் போட்டுத் தூசியைத் துடை.
- சுவிட்ச் பக்கம் போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடு.
- 2 அங்குல பிரஷால் மூலைகளையும் ஓரங்களையும் முதலில் அடி. அந்த ஈரம் காய்வதற்குள் ரோலரை ஓட்டு. காய விட்டால் ஓரத்தில் கோடு தெரியும்.
- ரோலரைத் தட்டில் உருட்டி, சொட்டாத அளவுக்கு வழித்துக்கொள். கைக்கு எட்டும் அகலத்தில் ஒரு பகுதியாக எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கடைசியாக மேலிருந்து கீழ் ஒரே திசையில் மெதுவாக இழு.
- ஒரு சுவரைத் தொட்டால் அதை முடித்துவிட்டே சாப்பிடப் போ.
- அடுத்த கோட்டுக்கு டின்னில் போட்ட நேரத்தைப் பார். நம் ஊர் ஈரக்காற்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திரு.
- தண்ணீரை டின்னில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதே. மிச்சம் பிடிக்கப்போய் மூன்றாவது கோட் அடிக்க வேண்டிவரும்.

பலகை, கிரில்

பலகைச் சுவருக்கு மரப் பிரைமர், கிரில்லுக்குத் துரு சுரண்டித் துருத் தடுப்புப் பிரைமர், அதற்குமேல் எண்ணெய்ச் சாயம். பிரைமர் இல்லாமல் அடித்தால் துரு உள்ளேயே வளரும். தின்னரைச் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் திறக்காதே. எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடு. குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

உடம்பு முக்கியம்

பழைய எண்ணெய்ச் சாயத்தில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறங்களில், ஈயம் இருக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016இல் கடைகளில் விற்ற எண்ணெய்ச் சாயங்களைச் சோதித்தபோதும் பலவற்றில் ஈயம் அதிகமாக இருந்தது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. ஆகவே பழைய கதவை உலர்ந்தபடியே தேய்க்காதே. தண்ணீர் தெளித்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் அள்ளிக் கட்டிப் போடு. புதிதாக வாங்கும்போது ஈயம் சேர்க்காதது என்று டின்னில் எழுதியிருக்கிறதா பார்.

பழைய வீட்டுக் கூரைத் தகடும் சீலிங் தகடும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டவும் வேண்டாம், துளையிடவும் வேண்டாம். அந்த நாருள்ள தூசி நுரையீரலில் தங்கிவிடும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வாடை போகும்வரை வேறு இடத்தில் இருக்கவை. மிஞ்சிய சாயத்தைக் கால்வாயில் கொட்டாதே. மணலில் கலந்து காய வைத்துப் போடு.

இரண்டு மாடி வெளிச்சுவருக்கு மட்டும் ஆளைக் கூப்பிடு. ஏணியில் ஏறிச் சேமிக்கும் காசு உன் முதுகெலும்புக்கு ஈடாகாது. மற்றதெல்லாம் நம்மால் முடியும். வீட்டிலேயே சின்ன அறையாகப் பார்த்து இந்த வாரக் கடைசியில் தொடங்கு. தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரஷைக் கொடு. கழுவுவதற்கும் சீலருக்கும் சோம்பாமல் இருந்தால், நீ அடித்த சுவர் பல தீபாவளிக்கு அப்படியே நிற்கும்.