10சி ஃபாரத்தில் கை வைப்பதற்கு முன்

அன்புத் தம்பிக்கு,

திருப்பூரில் பி.எஃப். கன்சல்டன்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் இ.சி.ஆர். போட்டு சலான் கட்டுவதை ஒரு வாரத்தில் உனக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பென்ஷன் விஷயத்தை அப்படி யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். கம்பெனிக்கு அதில் அவசரம் கிடையாது. தொழிலாளிக்கோ அப்படி ஒன்று தனக்கு இருப்பதே தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு டெய்லருடைய பாஸ்புக்கைத் திறந்து பார். பி.எஃப். சம்பளம் 12,000 ரூபாய் என்றால் ஒரே வரியில் மூன்று தொகை இருக்கும்: தொழிலாளி பங்கு 1,440, முதலாளி பங்கு 440, பென்ஷன் 1,000. "மொதலாளியும் 12 சதவீதம் கட்டோணுமல்ல, 440தானே இருக்குது?" என்று கேட்பார்கள். 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது என்று சொன்னால், "அப்ப அதையும் சேர்த்து எடுத்துக் குடுங்க" என்பார்கள். அந்த மூன்றாவது கட்டத்துக்கு வட்டி ஏறாது. 1995 நவம்பர் 16 முதல் நடக்கும் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தின் பொது நிதிக்குப் போகும் சந்தா அது. அங்கே அவர் பெயரில் சேருவது சர்வீஸ் மட்டும்தான். கம்பெனி மாறி பி.எஃப். டிரான்ஸ்ஃபர் ஆகும்போது அந்தப் பணம் புதுக் கணக்கில் தெரியாது. காணாமல் போய்விட்டதென்று பதறி வருவார்கள். சர்வீஸ் தேதிகள் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்த்துச் சொல், பதற்றம் அடங்கிவிடும்.

பனியன் கம்பெனிகளில் எட்டு மாதம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்றுதான் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். விலகும்போதெல்லாம் பி.எஃப். பணத்துக்கு 19, பென்ஷனுக்கு 10சி என்று இரண்டு ஃபாரத்தையும் சேர்த்துப் போட்டு செட்டில்மெண்ட் வாங்கிவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. 10சியில் பென்ஷன் பணத்தை எடுத்தவுடன் அதுவரை இருந்த சர்வீஸ் அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் முதலிலிருந்து எண்ண வேண்டும். இப்படியே முப்பது வருடம் மெஷின் மிதித்தவர்கள் 58 வயதில் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருட சர்வீஸ்கூடக் காட்ட முடியாமல் நிற்கிறார்கள். என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று வருகிறவர்களைக் குறை சொல்லாதே. தேவை உண்மையானது. ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன் கணக்கைப் போட்டுக் காட்டு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். 12,000 சம்பளத்துக்குப் பத்து வருடம் என்றால் 1,714 ரூபாய். 22 வருடம் ஓட்டிவிட்டால், 20 வருடத்தைத் தாண்டியதற்காக இரண்டு வருடம் கூட்டி, 24ஆகக் கணக்கிட்டு 4,114 ரூபாய். ஆயுசு வரைக்கும் வரும். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி. அவசரத்துக்கு 31ஆம் ஃபாரத்தில் பி.எஃப். அட்வான்ஸ் கேட்கலாம். வேலையை விட்டே போகிறார் என்றால் 19ஐ மட்டும் பணத்துக்குப் போட்டு, 10சியில் சர்வீஸை அழியாமல் காக்கும் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்க வை. அதே ஃபாரத்தில் இந்த வழியும் இருப்பது பலருக்குத் தெரியாது.

பத்து வருடம் ஆனவரால் பென்ஷன் பணத்தை எடுக்க முடியாது, அவருக்குச் சட்டமே காவல். ஒன்பது வருடம் ஆறு மாதம் இருந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். ஏழு, எட்டு, ஒன்பது வருடத்தில் இருப்பவர்களுக்குத்தான் நீ காவல்.

சாவுக்கும் ஊனத்துக்கும் பத்து வருடம் தேவையில்லை. ஒரு மாதச் சந்தா கட்டியவர் வேலையில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, தாய் வாங்குவதில் கால் பங்கு தனியாக உண்டு. வேலையில் இருக்கும் காலத்தில் நிரந்தரமாக, முழுமையாக முடங்கிப்போனவருக்கும் ஒரு மாதச் சந்தாதான் கணக்கு. மெடிக்கல் போர்டு பார்த்துச் சான்று தர வேண்டும். இதில் உன் பொறுப்பு பெரிது. போர்ட்டலில் எக்ஸிட் தேதி போடும்போது காரணம் கேட்கும். முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு, வழக்கம்போல வேலையை விட்டவர் என்ற காரணத்தை அழுத்திவிட்டால், அவர் வீட்டார் ஊனப் பென்ஷன் கேட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பத்து வருடம் முடியாதவர் இறந்திருந்தால், எக்ஸிட் தேதி சாவுக்கு ஒரு நாள் முன்னால் இருந்தாலும் வீட்டாருக்கு அதே அலைச்சல்தான். ஆளிடமோ வீட்டிலோ விசாரிக்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதே.

பெயரையும் சேரும் நாளிலேயே பார். நம் ஊர்ப் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, பேங்க் புக்கில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. ஆள் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம். கல்யாணமானவர்களை இ-நாமினேஷனைப் புதுப்பிக்கச் சொல். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். அப்பா அம்மாவின் முறை அவர்கள் யாரும் இல்லாதபோதுதான் வரும். இதைச் சொன்னால் சில வீடுகளில் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். ஒரு மாத மளிகைக்கே அது போதாது. கூட்டித் தரச் சொல்லிப் பெரியவர்கள் தெருவில் நிற்பது முழு நியாயம். அந்த ஆயிரமும் கைக்கு வராமல் போவதற்கு நம் டைப்பிங் காரணமாக இருக்கக் கூடாது.

இந்த வாரம் ஒரு வேலை செய். உன் கம்பெனிகளின் லிஸ்டில் ஏழு முதல் ஒன்பதரை வருடம் வரை சர்வீஸ் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து எடு. பழைய கம்பெனியில் இன்னொரு பி.எஃப். எண் (யு.ஏ.என்.) கிடக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேள். இருந்தால் சேர்த்துவிடு, சிலருக்கு அதிலேயே பத்து வருடம் நிறைந்துவிடும். டீ டைமில் போனால் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். கடைசிக் கம்பெனியை விட்டு ஃபாரத்தோடு உன் ஆபீஸ் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காதே. அன்றைக்குப் பணம் மட்டும்தான் அவர்கள் காதில் விழும்.

அன்புடன்,
உன் அண்ணன்