கட்டம் போட்டு முகம் வரைவோம்

ஒரு காலத்தில் மும்பை, சென்னை போன்ற நகரங்களில் சினிமா விளம்பரப் பலகைகளைக் கையால் வரைந்தார்கள். பலகையில் நடிகரின் முகம் மட்டுமே ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஓவியர் கையில் இருப்பதோ சிறிய புகைப்படம். கண்ணும் மூக்கும் இடம் மாறாமல் எப்படி வரைந்தார்கள்?

கட்டம் போட்டு வரைந்தார்கள். புகைப்படத்தில் சிறு கட்டங்கள். பலகையில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைந்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியர் எம். எஃப். உசேனும் இளமையில் மும்பையில் சினிமாப் பலகை வரைந்து பிழைத்தவர்தான்.

பிறகு அச்சு பேனர்கள் வந்தன. கையால் வரையும் தொழில் நலிந்தது. ஆனால் கட்ட முறை அழியவில்லை. அதைக் கொண்டு அவரவர் முகத்தை அவரவரே வரையலாம்.

“எனக்கு வரைய வராது” என்று தயங்க வேண்டாம். எழுத்தைப் பற்றியும் பலர் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

தேவையானவை

பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தின் ஜெராக்ஸ், வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர், ஸ்கேல். புகைப்படத்தின் மேலேயே கோடு போட்டால் படம் கெட்டுவிடும். அதனால்தான் ஜெராக்ஸ்.

செய்முறை

1. படத்தின் அகலம் 3.5 செ.மீ., உயரம் 4.5 செ.மீ. அதில் அரை செ.மீ. இடைவெளியில் கோடுகள் போடுங்கள். குறுக்கே 7, நெடுக்கே 9, ஆக 63 கட்டங்கள் வரும்.

2. வெள்ளைத் தாளில் 14 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி வரையுங்கள். அதில் 2 செ.மீ. இடைவெளியில் லேசாகக் கோடு போடுங்கள். இதிலும் 63 கட்டங்கள். படம் 4 மடங்கு பெரிதாகும்.

3. இரண்டிலும் மேலே அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என்று எழுதுங்கள். பக்கத்தில் 1 முதல் 9 வரை எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு. ‘இ 4’ என்றால் ஒரே ஒரு கட்டம்தான்.

4. ஒரு கட்டத்தை மட்டும் பாருங்கள். கோடு எங்கே நுழைகிறது? எங்கே வெளியேறுகிறது? தாளில் அதே முகவரியில் அப்படியே வரையுங்கள். பிறகு அடுத்த கட்டம்.

5. முடிந்ததும் கட்டக் கோடுகளை மெதுவாக அழியுங்கள்.

பார்ப்பதை வரையுங்கள்

முகத்தை நினைவில் வைத்து வரைபவர்கள் பலர் கண்களை நெற்றிக்கு அருகே வைத்துவிடுவார்கள். உண்மையில் தலை உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. நினைப்பதை அல்ல, இருப்பதைப் பார்க்கக் கட்டம் உதவுகிறது. கன்னத்தில் தழும்பு இருக்கிறதா? அதையும் வரையுங்கள். அதுவும் உங்கள் முகம்தான்.

முழு முகம் என்றால் மலைப்பாக இருக்கும். ஒரு கட்டத்தில் இருப்பதோ ஒரு சிறு வளைவு. அதை யாராலும் வரைய முடியும்.

கடைசியில் படத்தின் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். அதுவும் உங்கள் கையெழுத்தில்தான்.

பயிற்சி

1. உங்கள் வலது கண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அதன் முகவரியை எழுதுங்கள்.
2. தாளில் 3 செ.மீ. கட்டம் போட்டால் படம் எத்தனை மடங்கு பெரிதாகும்?