தொலைபேசி இலக்கம் எங்கே?

மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைக் கொழும்பில் மொத்தமாக விற்று வந்த காலம் அது. 2016 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் நானும் ஓர் இணையத்தளம் செய்வித்தேன். முகப்புப் பக்க வாசகத்தை நானே எழுதினேன். "பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும் உன்னத ஆடைகளின் உறைவிடம்" என்று தொடங்கி மூன்று பந்திகள். எழுதி முடித்தபோது பெருமையாகவே இருந்தது. பெருநாளும் வந்து போனது. தளத்தைப் பார்த்து ஒருவர்கூட ஓடர் தரவில்லை.

காரணத்தைச் சொன்னவர் குருநாகலில் பிடவைக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர். "தம்பி, உங்கட சைட்டப் பாத்தேன். சாரன் விக்கிறீங்களா, சாரி விக்கிறீங்களான்டே வெளங்கல்ல. நம்பரத் தேடி அலுத்துப் போய் வேற ஆள்கிட்ட 200 சாரன் எடுத்துட்டேன்" என்றார். எனது இலக்கம் கடைசிப் பக்கத்தின் அடியில், அதுவும் ஒரு படத்துக்குள் இருந்தது. அந்த 200 சாரனின் இலாபம் எனக்கு ஒரு மாதக் கடை வாடகை.

பிறகுதான் இதுபற்றித் தேடி வாசித்தேன். ஜேக்கப் நீல்சன், ஜோன் மோர்க்ஸ் என்ற இருவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சிக்கப்பட்டோரில் 79 சதவீதமானோர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தனர். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. அதே விடயத்தைப் பாதிச் சொற்களில் எழுதிக் கொடுத்தபோது பக்கத்தின் பயன்பாடு 58 சதவீதம் கூடியது. சுருக்கி, கண்ணுக்குப் படும்படி பிரித்து, தற்புகழ்ச்சியையும் நீக்கியபோது அது 124 சதவீதமானது. எனது மூன்று பந்திகளிலோ தற்புகழ்ச்சியைத் தவிர வேறொன்றுமில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மருதமுனைக் கைத்தறிச் சாரன். மொத்த விற்பனை. குறைந்தது 12 எடுக்க வேண்டும். பணம் கிடைத்து மூன்று நாட்களில் பார்சல் அனுப்புவோம்." அதற்கு மேலே, பெரிய எழுத்தில், தொலைபேசி இலக்கம். கீழே விலைப்பட்டியல்.

விலையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று நம்மவர்கள் பயப்படுவதுண்டு. அவருக்கு உங்கள் விலை ஏற்கனவே தெரியும். தெரியாதிருப்பவர் வாடிக்கையாளர் மட்டும்தான்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். அச்சகத்துக்குக் கொடுப்பது போலப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கையடக்கத் தொலைபேசியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். கூகுளில் "கைத்தறிச் சாரன்" என்று தமிழில் தேடுபவருக்கு அப்பக்கம் அகப்படவும் மாட்டாது. யுனிகோட்டில் எழுதித் தரும்படி தளம் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் உங்கள் தளத்தைத் தொலைபேசியில் திறந்து கொடுங்கள். பத்து எண்ணிவிட்டு வாங்கிக்கொண்டு, என்ன விற்கிறார்கள், எந்த ஊர், எப்படித் தொடர்பு கொள்வது என்று கேளுங்கள். எனது பழைய பக்கத்தைத் தங்கையின் மகனிடம் அப்படிக் கொடுத்தேன். அவன் கேட்டது: "இது கலியாண ஹோலா மாமா?"