தோல் செருப்புகளைப் பேணலும் மங்கிய நிறத்தை மீட்டலும்

உத்திரமேரூர் வட்டாரத்துக் குடியானவர்கள் வயலில் இறங்கும்போது செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிடுவது வழக்கம். ஆயினும் சந்தை, கச்சேரி, கலியாணம், சங்கக் கூட்டம் முதலியவற்றுக்குச் செல்லும்போது தோல் செருப்போ ஜோடோ வேண்டியிருக்கிறது. வாங்கும்போது பேரம் பேசி விலையைக் குறைக்கப் பிரயாசைப்படும் நாம், வாங்கிய பின் அதைக் காப்பாற்றும் வகையைச் சிந்திப்பதில்லை. சேற்றோடு மூலையில் போடுகிறோம். நனைந்தால் வெயிலில் காயவைக்கிறோம். நிறம் மங்கியதும் பழையதென்று ஒதுக்குகிறோம். இரண்டு வருஷம் உழைக்கவேண்டிய ஜோடி ஒரே வருஷத்தில் வீணாகுமாயின், நாம் அதற்கு இரட்டை விலை கொடுத்தவர்களாகிறோம். இந்நஷ்டத்தைத் தடுக்கும் வழிகளை இப்பாடத்தில் கூறுவோம்.

தோலின் இயல்பு

தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் பொருள். பதனிட்டபின் அந்நார்களுக்கிடையே எண்ணெய்ப்பசை ஊட்டப்படுகிறது. அப்பசை உள்ளவரையில் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசையும். தோலும் மடங்கி நிமிரும். அடிக்கடி நனைந்து காய்வதாலும் வெப்பத்தாலும் பசை குறைந்தால், நார்கள் ஒட்டிக்கொண்டு விறைக்கும். பிறகு மடிப்புகளில் வெடிப்பு உண்டாகும். நிறம் மங்குதல் பெரும்பாலும் பசை குறைந்ததற்கு முதல் அடையாளம். ஆகையால் பசையூட்டாமல் சாயம் மட்டும் பூசுவது ஈரச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை ஒக்கும்.

இரு வகைத் தோல்

நம் செருப்பு எவ்வகைத் தோலால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில் தோலைப் பெரும்பாலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டனர். இத்தோல் வெளிச்சத்தில் நெடுநாள் கிடந்தால் சிவந்துவிடும். அதனைக் குறைக்கும்பொருட்டே இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தனர். ஆகையால், பட்டைத்தோல் செருப்பை வெயில்படும் திண்ணையில் வைப்பது நிறத்துக்குக் கேடாகும்.

மற்றொரு வகை, குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பினால் பதனிட்டது. சென்னைக்குச் செல்லும் வழியில் நாம் காணும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது, அங்கே நடந்த குரோம் தோல் கம்பெனியினாலேயே. மெல்லிய மேல்தோலுடைய ஜோடுகளிற் பெரும்பாலானவை இவ்வகையின.

வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். பட்டைத்தோல் உள்ளும் புறமும் பழுப்பாயிருக்கும். குரோம் தோலின் உட்புறம், சாயம் உள்வரை ஏறியிராவிடில், நீலங்கலந்த சாம்பல் நிறமாய்த் தோன்றும். ஓரத்தில் நாருக்குப் பதிலாகத் துணி தெரிந்தால் அது ரெக்சின். அதற்கு எண்ணெய் ஊட்டிப் பயனில்லை.

நிறம் மீட்கும் முறை

1. சேறு காய்ந்தபின் தூரிகையால் தட்டி நீக்குக. பிறகு நனைத்துப் பிழிந்த துணியில் சிறிது சோப்பு தடவித் துடைத்து, மறுபடியும் வெறும் ஈரத்துணியால் துடைக்கவும். சலவைச் சோடா கூடாது. அது பதனீட்டுச் சத்தைக் கரைத்துத் தோலைக் கறுக்கச் செய்யும். மண்ணெண்ணெயும் பசையை அகற்றிவிடும்.

2. உள்ளே பழைய காகிதத்தைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுக. வெயிலும் அடுப்பங்கரையும் ஆகா. நன்கு நனைந்த பட்டைத்தோல் ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுருங்கிவிடும். அதற்குக் குறைந்த சூடும் பசையைப் போக்கி ஒட்டுகளைத் தளர்த்தும்.

3. பட்டைத்தோலுக்கு விளக்கெண்ணெயில் சில துளிகளைத் துணியில் எடுத்து மெல்லெனத் தேய்த்து ஓர் இரவு விடவும். மறுநாள் மிகுந்ததைத் துடைத்துவிடுக. அதிகம் பூசினால் தூசி படிந்து தோல் தொய்யும். மெருகேற்றிய குரோம் தோலுக்குக் குழைவான பாலிஷே போதும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவதாகையால் உதவாது.

4. பின்னர் நிறமுள்ள குழைவுப் பாலிஷைத் தடவுக. முதலில் வெளியே தெரியாத இடத்தில் சோதித்துப் பார்த்தல் அவசியம். நிறத்தைக் கருமையாக்குவது எளிது, வெளுப்பாக்குவது அரிது. ஆகவே சற்று இளநிறமானதையே தெரிந்தெடுக்கவும். தேய்ந்து வெளுத்த இடங்களில் ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை காயவிட்டுப் பூசுக.

5. இறுதியில் மெழுகுப் பாலிஷ் தடவி, பத்து நிமிஷம் கழித்துத் தூரிகையால் தேய்த்தால் பளபளப்பு வரும். நீரும் எளிதில் இறங்காது.

கறுப்பாக்குதல்

கடுக்காய் நீரில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது யாவரும் அறிந்ததே. பட்டைத்தோலில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. தோல் தொழிலாளர் இக்குணத்தையே சாயமாகப் பயன்படுத்தினர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைப் புளித்த கஞ்சியிலோ காடியிலோ சில நாள் ஊறவைத்து, வடிகட்டிய நீரைத் தடவினால் பழுப்புத் தோல் கறுப்பாகும். மிகவும் மங்கிக் கறைபட்ட செருப்புக்கு இது ஏற்றது. அளவுக்கு மிஞ்சினால் தோல் முறியும் தன்மையடையும். ஆதலால் ஒரு முறை தடவி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் ஊட்டுக. குரோம் தோலுக்கு இம்முறை பயன்படாது.

மழைக்காலம்

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வெண்மையான பூசணம் படர்வதுண்டு. செருப்பை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, நீர் கலந்த காடியால் ஒருமுறை துடைத்து, நிழலில் உலர்த்துக. பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பெருகும்.

சங்கத்தார் செய்யத்தக்கது

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஐக்கிய சங்கம் ஏற்பட்ட காலந்தொட்டு, சிக்கனமே நம் இயக்கத்தின் முதற்பாடமாயிருந்து வருகிறது. கடன் வாங்காமல் இருப்பது போலவே, உள்ள பொருளை நெடுநாள் உழைக்கச் செய்வதும் சிக்கனமே. பாலிஷ், தூரிகை, விளக்கெண்ணெய் ஆகியவற்றை அங்கத்தினர் சிலர் கூடிப் பொதுவில் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும்.

தையல் விட்ட செருப்பைத் தாமதியாமல் தொழிலாளியிடம் கொடுக்கவும். ஓர் அங்குலத் தையலுக்குச் சோம்பினால், வார் முழுவதும் பிய்ந்துவிடும். தோலின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அத்தொழிலாளரே. அவர்களுடைய உழைப்பினால் நடந்துகொண்டே, அவர்களைத் தாழ்வாக எண்ணி வாயிலுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் நமக்கு இழிவாகும். சென்னை அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அத்தொழிலைச் சாஸ்திரமாகவே போற்றி ஆராய்ந்து வருகிறது. ஆகையால் தொழிலாளியைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, சமமாய் உட்காரச்செய்து, மேற்கூறியவற்றை அவர் கையால் செய்துகாட்டச் சொல்லி, அதற்குரிய கூலியை அன்றே கொடுத்தல் வேண்டும். ஏட்டில் பத்து முறை படிப்பதைவிட அதை ஒரு முறை கண்ணால் காண்பது அதிகப் பயன் தரும்.